வடசென்னைக் கடலோர நிலங்களில் காகித மரங்கள்

சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளில் வெளிநாட்டுக் காகிதக் கூழும், பழைய காகிதக் கட்டுகளும் உண்டு. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே செல்லும் சாலைகளில் சரக்குப் பெட்டி லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. இக்கூழும் எங்கோ ஓரிடத்தில் மரமாக நின்றதுதான். அதே சாலையில் மேலும் சிறிது தொலைவு சென்றால் மீஞ்சூர், பொன்னேரி, காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஆகிய ஊர்களைச் சுற்றிப் பயிரின்றிக் கிடக்கும் நிலங்களைக் காணலாம். இந்நிலங்களில் காகித ஆலைக்கு ஏற்ற மரங்களை வளர்க்க இயலுமா, இயலுமெனில் எம்மரத்தை எந்நிலத்தில் நடுவது, கன்றுகளை உழவர்கள் தாமே உற்பத்தி செய்துகொள்வது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காகிதமும் மரமும்

மரத்தில் உள்ள நுண்ணிய நார்களை ஒன்றோடொன்று பிணைத்திருப்பது லிக்னின் என்னும் பொருளாகும். ஆலையில் மரத்தைச் சிறு சில்லுகளாக வெட்டி, காரக் கரைசலில் உயர்ந்த வெப்பத்தில் வேகவைக்கும்போது லிக்னின் கரைந்து நார் தனியே பிரிகிறது. அந்நாரே கூழ். அதனை வெளுத்துச் சல்லடையில் பரப்பி, நீரை வடித்து, அழுத்தி உலர்த்தினால் காகிதம் கிடைக்கிறது. ஊசியிலை மரங்களின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடையது. நம் நாட்டு அகன்ற இலை மரங்களின் நார் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே. எனினும் எழுதவும் அச்சிடவும் பயன்படும் காகிதத்துக்கு இக்குட்டை நார் மிகவும் ஏற்றது. தாளின் மேற்பரப்பை வழவழப்பாக்குவது இதுவே.

முன்னர் இந்தியக் காகித ஆலைகள் காட்டு மூங்கிலையே பெரிதும் நம்பியிருந்தன. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரம் சார்ந்த ஆலைகள் தமக்கு வேண்டிய மூலப்பொருளை உழவர்களுடன் நேரடித் தொடர்பு கொண்டு பெற வேண்டும் என்று வகுத்தது. அதன் பின்னரே காகித மரம் காட்டைவிட்டு வயலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1979இல் தொடங்கப்பெற்று 1984இல் உற்பத்தியைத் துவக்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு அமைந்தது. அதுவும் 2004-05 முதல் உழவர் நிலங்களில் கூழ்மரச் சாகுபடியை ஊக்குவித்து வருகிறது. இதில் நம் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்கும் முக்கியப் பங்கு உண்டு.

நம் பகுதி மரங்களின் பழைய பயன்

வடசென்னைக்கு மரம் புதிதன்று. பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகளில் வந்த சவுக்கு விறகுதான் பல்லாண்டு காலம் நகரின் விறகுத் தொட்டிகளை நிரப்பியது. கட்டட வேலைக்குச் சாரக் கம்பாகவும் சவுக்கே பயன்பட்டது. காசிமேட்டு மீனவர்களின் கட்டுமரத்துக்கு எடை குறைந்த, நீரில் எளிதில் மிதக்கும் மரங்கள் தேவைப்பட்டன. தணக்கு அத்தகைய மரங்களுள் ஒன்று. இலங்கையில் லுணுமிதெல்ல என வழங்கும் மலைவேம்பு, படகின் பக்க மிதவைக்குப் பயன்பட்டது. சவுக்கை விறகென்றும் பெருமரத்தைத் தீக்குச்சி மரமென்றும் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். இவற்றிலிருந்து காகிதக் கூழும் எடுக்கலாம் என்பது நம் பகுதியில் இன்னும் பரவலாக அறியப்படவில்லை.

முதலில் நிலத்தையும் நீரையும் அறிக

இராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் இன்று பயிர் நிலம் இல்லை. அவற்றுக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நிலங்களை நான்காகப் பிரிக்கலாம். கடலை ஒட்டிய மணல் நிலம் முதல் வகை. எண்ணூர்க் கழிமுகத்தையும் பழவேற்காட்டு ஏரியையும் அடுத்த உவர் நிலம் இரண்டாவது. கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் கரையில் உள்ள வண்டல் நிலம் மூன்றாவது. செங்குன்றம், சோழவரம் பக்கத்து மேட்டுச் செம்மண் நான்காவது. ஒரே வருவாய் கிராமத்தில் இரண்டு வகை நிலம் இருப்பதும் உண்டு.

நிலத்தைவிட நீர் முக்கியம். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவுக்கு மிஞ்சி நீர் இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியது. இது 1960களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட செய்தியாகும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் காட்டுப்பள்ளியில் இயங்கத் தொடங்கியது. எனினும் ஒருமுறை உப்பேறிய மணலடி நீர் இனிப்பதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

இதனை நான் கற்றது ஓர் உழவரின் நட்டத்தில்தான். பணியில் சேர்ந்த புதிதில் மீஞ்சூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் தம் ஓர் ஏக்கரில் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டார். மார்கழி மாதத்தில் அவர் கிணற்று நீரை எடுத்து ஆய்வு செய்தோம். நீர் நன்றாக இருந்தது. மலைவேம்பு நடச் சொன்னேன். கன்றுகள் மூன்று மாதம் தளதளவென்று வளர்ந்தன. சித்திரையில் இலை ஓரங்கள் கருகத் தொடங்கின. ஆடிக்குள் பாதிக் கன்றுகள் பட்டுப்போயின. கோடையில் எடுத்த அதே கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பாக இருந்தது. "மார்கழித் தண்ணியப் பாத்துட்டு சித்திரைக்கு மரம் சொல்லிட்டீங்களே சார்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கன்றுக்கும் குழிக்கும் அவர் செலவிட்ட பணம் திரும்பவில்லை. அவர் பின்னர் அந்நிலத்தில் சவுக்கு நட்டார். அது தழைத்தது. ஆனால் ஓராண்டு வீணானது வீணானதுதான்.

எனவே நீர் மாதிரியை மழைக்குப் பின் ஒருமுறையும், மே மாதத்தில் ஒருமுறையும் எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். கோடை மாதிரியின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் எம்மரத்துக்கும் தடையில்லை. 0.75 முதல் 2.25 வரை இருந்தால் வடிகால் உள்ள மணல் நிலத்தில் உப்பைத் தாங்கும் மரங்களை மட்டும் நடலாம். 2.25க்கு மேல் சென்றால் சவுக்கைத் தவிர மற்றவற்றை எண்ண வேண்டாம். அதனையும் மழைநீரை நம்பியே நடவு செய்தல் வேண்டும். மண்ணின் மின்கடத்து திறன் 4க்கு மேல் இருப்பின் அது உவர் நிலமாகும்.

எந்நிலத்துக்கு எம்மரம்?

சவுக்கு: கடற்கரை மணலுக்கு இதற்கு இணையான மரம் வேறில்லை. உப்புக் காற்றைத் தாங்கும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால் வளமற்ற மணலிலும் வளர்கிறது. நாட்டுச் சவுக்குடன் ஜுங்குனியானா என்னும் மற்றோர் இனமும் இப்போது பரவியுள்ளது. இவ்விரண்டையும் இணைத்து உருவாக்கிய சி.எச்.1, சி.எச்.5 ஆகிய வீரிய ஒட்டு வகைகளைக் கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் வெளியிட்டுள்ளது. இவை நேராகவும் விரைவாகவும் வளர்வன.

மலைவேம்பு: ஆற்று வண்டலுக்கும் நல்ல நீருள்ள செம்மண்ணுக்கும் ஏற்றது. பாசனம் கிடைத்தால் மிக விரைந்து வளரும். உப்பையும் நீர் தேங்குவதையும் தாங்காது.

வெள்ளைக் கடம்பு: ஆற்றோர ஈர நிலத்து மரம். சில நாள் வெள்ளம் நின்றாலும் பிழைத்துக்கொள்ளும். கொசஸ்தலைக் கரையில் மழைக்காலத்தில் நெல் மூழ்கும் தாழ்வான வரப்போரங்களுக்கு இதனைப் பரிந்துரைக்கலாம். வறட்சியும் உப்பும் ஆகா.

பெருமரம்: மேட்டுச் செம்மண்ணில் மானாவாரியாக வரும். இலை ஆட்டுக்குத் தீவனமாகும். நீர் தேங்கும் இடத்தில் நடக்கூடாது. இலைகளைப் பின்னி உண்ணும் புழுக்கள் இளங்கன்றுகளை மொட்டையாக்கும். தொடக்கத்திலேயே சேகரித்து அழிக்க வேண்டும்.

சவுண்டல்: நல்ல கூழ்மரம், நல்ல தீவனம். 1988இல் இந்தியாவுக்குள் வந்த சைலிட் என்னும் செடிப்பேன் இதன் கொழுந்துகளை உறிஞ்சிப் பெரும் சேதம் விளைவித்தது. விதை சிதறிக் களையாகவும் பரவும். காய் முற்றுமுன் வெட்டி ஆட்டுக்கு இட முடிந்தவர்கள் மட்டும் வரப்பில் வைக்கலாம்.

அயல்நாட்டு மரம் எதையும் ஆராயாமல் பரப்புவது ஆபத்து. ஜப்பானியர் கைக்காகிதம் செய்யப் பயன்படுத்தும் காகித முசுக்கொட்டை மரத்தைப் பாகிஸ்தானின் இஸ்லாமாபாத் நகரில் பசுமைக்காக நட்டனர். இன்று அதன் மகரந்தத்தால் அந்நகர மக்கள் ஆண்டுதோறும் ஒவ்வாமைக்கும் மூச்சிரைப்புக்கும் ஆளாகின்றனர். நம் ஊர்ச் சீமைக் கருவேலின் கதையை உழவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல் கழிமுகத்தின் அலையாத்திப் புதர்களையும் மேய்ச்சல் சதுப்பையும் அழித்துச் சவுக்கு நடுவது கூடாது. மீனுக்கும் இறாலுக்கும் அதுவே நாற்றங்கால்.

விதை மூலம் கன்று உற்பத்தி

சவுக்கு: நன்கு வளர்ந்த, நேரான மரங்களில் பழுப்பு நிறத்துக்கு மாறத் தொடங்கும் காய்களைப் பறித்து, துணியின் மேல் 3 நாள் வெயிலில் உலர்த்தினால் விதை உதிரும். ஒரு கிலோவில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். மேட்டுப் பாத்தியில் மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மணலால் மூடி, வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதைகளை இழுத்துச் செல்லும். பாத்தியைச் சுற்றிக் காவல் தேவை. நாற்று 10 செ.மீ. உயரம் வந்ததும் பைக்கு மாற்றலாம். வளர்ந்த சவுக்குத் தோப்பில் வேர் முடிச்சுகளை எடுத்துக் கழுவி, நசுக்கி, நீரில் கரைத்துப் பைகளில் ஊற்றினால் பிராங்கியா சேர்ந்துவிடும். செலவில்லாத இவ்வேலையைப் பலர் செய்வதில்லை.

மலைவேம்பு: கொட்டை மிகக் கடினமானது, முளைப்பும் குறைவு. பழுத்து விழும் பழங்களின் சதையை நீக்கிக் கழுவி, கொட்டைகளைச் சாணக் கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்து, வெயில் நன்கு படும் மணல் பாத்தியில் விதைக்க வேண்டும். முளைக்க ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கலைத்துவிடாதீர்கள்.

வெள்ளைக் கடம்பு: விதை தூசி போன்றது, ஒரு கிலோவில் ஒரு கோடிக்கும் மேல் இருக்கும். பழுத்த காய்களைச் சில நாள் அழுகவிட்டு, நீரில் பிசைந்து, வடிகட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். மெல்லிய மணலுடன் கலந்து தட்டில் தூவி, மேல் மண் இடாமல், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்ய வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். நாற்றழுகல் கண்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கரைத்து ஊற்றலாம்.

பெருமரம்: இறகு போன்ற காய்கள் கோடையில் முற்றும். இதன் முளைப்புத் திறன் விரைவில் குறைந்துவிடும். ஆகவே அவ்வாண்டுக் காயையே அவ்வாண்டு விதைக்க வேண்டும்.

தண்டுக் குச்சி மூலம் கன்று உற்பத்தி

விதைக் கன்றுகள் ஒன்றுபோல் வளர்வதில்லை. சிறந்த மரத்தின் குச்சியை வேர்விடச் செய்தால் தாய் மரத்தின் குணம் முழுதும் கன்றுக்கு வரும். உழவர் குழுக்கள் சிறிய அளவில் இதனைச் செய்யலாம்.

முதலில் அங்கீகாரம் பெற்ற நாற்றங்காலில் வாங்கிய நல்ல வகைக் கன்றுகளை நெருக்கமாக நட்டு, அடிக்கடி கவாத்து செய்து, தாய்ச்செடி வேலியாக வளர்க்க வேண்டும். அதில் தழையும் இளங்கிளைகளில் 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள நுனிக் குச்சிகளைக் காலை வேளையில் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி வைக்கவும். முதிர்ந்த மரத்தின் மேற்கிளைக் குச்சிகள் எளிதில் வேர்விடா.

வேர்விடும் ஊக்கியான இண்டோல் பியூட்ரிக் அமிலம் 2 கிராம் எடுத்துச் சிறிதளவு ஆல்கஹாலில் கரைத்து, 1 கிலோ முகப்பவுடர்க் கல்மாவுடன் சீராகக் கலந்து உலர்த்தினால் பத்து இலட்சத்துக்கு 2000 பங்கு வலிமையுள்ள தூள் கிடைக்கும். சிறு குழுவுக்கு 100 கிராம் மாவும் 200 மில்லிகிராம் ஊக்கியும் போதும். குச்சியின் அடியை இத்தூளில் தோய்த்து, மட்கிய தென்னை நார்க் கழிவு நிரப்பிய வேர்க்குவளையில் ஊன்றவும். மூங்கில் வளைவின் மேல் பாலித்தீன் தாள் போர்த்திய கூடாரத்தில், நிழல்வலையின் கீழ், ஈரப்பதம் குறையாமல் வைக்க வேண்டும். சவுக்குக் குச்சி 3 முதல் 4 வாரங்களில் வேர்விடும். பின் கூடாரத்தைச் சிறிது சிறிதாகத் திறந்து, நிழலிலும் அடுத்து வெயிலிலும் வைத்துக் கடினப்படுத்த வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் கன்று நடவுக்குத் தயாராகும். மலைவேம்பிலும் இளங்குச்சிகளைக் கொண்டு இவ்வாறே செய்யலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். தோட்டம் முழுவதையும் ஒரே வகைக் கன்றால் நிரப்ப வேண்டாம். ஒரு மரத்துக்கு வரும் நோய் எல்லா மரத்துக்கும் வரும். குறைந்தது இரண்டு மூன்று வகைகளைத் தனித்தனி வரிசைகளில் நடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறதென்று பை மண்ணுடன் கலப்பதும் வேண்டாம். அதில் காரத்தன்மையும் கன உலோகங்களும் இருக்கக்கூடும்.

நடவும் பராமரிப்பும்

நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையின் தொடக்கமே நடவுக் காலம். சவுக்கை 1.5 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,780 கன்றுகள் வேண்டும். மலைவேம்பு, கடம்பு ஆகியவற்றைக் கூழுக்காக நடுவதானால் 3 மீட்டர் இடைவெளி போதும். ஏக்கருக்கு ஏறத்தாழ 440 கன்றுகள். முதல் ஆண்டு வரிசைகளுக்கிடையே நிலக்கடலையோ தர்ப்பூசணியோ சாகுபடி செய்து செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம்.

பையில் ஆறு மாதத்துக்கு மேல் நின்று வேர் சுருண்ட கன்றுகளை வாங்காதீர்கள். 2016 டிசம்பர் 12இல் சென்னையருகே கரை கடந்த வர்தா புயலை நாம் மறக்கவில்லை. சுருண்ட வேருள்ள மரம் அத்தகைய காற்றில் அடியோடு சாயும். கடல் பக்கத்து ஓரத்தில் இரண்டு மூன்று வரிசைகளை நெருக்கி நட்டு, வெட்டாமல் காற்றுத் தடுப்பாக விட்டுவைப்பது நல்லது.

சவுக்கின் பட்டையில் கொப்புளம் தோன்றி, வெடித்து, கரித்தூள் போன்ற வித்துகள் வெளிவந்தால் அது பட்டைக் கொப்புள நோயாகும். அம்மரத்தை உடனே வெட்டி எரித்து, அவ்விடத்தைச் சுற்றிக் குழி தோண்டிப் பிரித்துவிட வேண்டும்.

அறுவடையும் விற்பனையும்

சவுக்கை 3 முதல் 4 ஆண்டுகளில் அறுவடை செய்யலாம். பாசனத்துடன் நன்கு பராமரித்தால் ஏக்கருக்கு 40 டன் அளவுக்கு எதிர்பார்க்கலாம். மானாவாரியில் இது கணிசமாகக் குறையும்.

இங்கே உழவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் மாநிலத்தின் கூழ் ஆலைகளுள் இரண்டு கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்திலும் ஈரோடு அருகே பள்ளிபாளையத்திலும் உள்ளன. இரண்டும் நம் பகுதியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆலை எடைக்கு விலை தருகிறது. லாரியோ தொலைவுக்கு வாடகை கேட்கிறது. சவுக்கு கனமான மரம். ஒரு லாரியில் முழுப் பாரம் ஏறும். கடம்பும் பெருமரமும் எடை குறைந்தவை. லாரி நிறைந்தாலும் பாரம் குறைவு. ஆகவே ஒரு டன்னுக்கு விழும் வாடகை கூடும். வெட்டிய மரத்தைக் குவித்து வைத்தால் நாள்தோறும் ஈரம் உலர்ந்து எடை குறையும். லாரியை உறுதி செய்த பின்னரே கோடரியை எடுங்கள்.

ஒப்பந்தம் செய்யுமுன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள். எடை எங்கே போடப்படும்? பட்டையுடனா, பட்டை நீக்கியா? எந்தச் சுற்றளவுக்குக் கீழ் உள்ளதைக் கழிப்பார்கள்? வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் யாருடையவை? இச்செலவுகளைக் கழித்த பின் ஒரு டன்னுக்குக் கையில் நிற்கும் தொகையை, சென்னையில் சாரக் கம்புக்கும் விறகுக்கும் கிடைக்கும் விலையுடன் ஒப்பிடுங்கள். நேரான, பருத்த கம்புகளை நகரத்துக்கும், எஞ்சியதை ஆலைக்கும் கொடுப்பது பலருக்குக் கட்டுபடியாகும். பக்கத்து நிலத்தாருடன் சேர்ந்து ஒரே சமயத்தில் வெட்டினால் முழு லாரிப் பாரம் சேரும். மரத்தை எடுத்துச் செல்ல அனுமதி தேவையா என்பதை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறியவும்.

முடிவுரை

கடலோர மணலில் சவுக்கு, ஆற்று வண்டலில் மலைவேம்பும் கடம்பும், மேட்டுச் செம்மண்ணில் பெருமரம் என்பதே சுருக்கமான பரிந்துரை. இதனையும் உங்கள் கோடைக் கிணற்று நீரின் ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டே பின்பற்ற வேண்டும். புதிய மரத்தை முதலாண்டு வரப்பில் ஐம்பது கன்று மட்டும் வைத்துப் பாருங்கள். ஒரு சித்திரையைத் தாண்டி நின்றால் வயலுக்குள் கொண்டு வாருங்கள். நெல்லில் தவறினால் அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் தவறினால் ஆண்டுகள் போகும். உழவர் பெருமக்கள் இதனை மனத்தில் கொண்டு, ஆய்ந்து நட்டுப் பயன் பெறுவார்களாக.